ஒன்றைக் கூட்டினால் எது குறையும்?

கேள்வி: எனக்கு 38 வயது. முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஒரு தொழில்முறைத் தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. ஐந்து மணி நேரம் தூங்கினாலே பெரிது. ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் மனதில் நிற்பதில்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர் மொடாஃபினில் மாத்திரை ஒரு அட்டை கொடுத்து, "போட்டுப் பாருங்க, மூளை பறக்கும்" என்கிறார். இன்னொருவர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் மின்தூண்டல் பட்டையைச் சிபாரிசு செய்கிறார். இவற்றை முயன்று பார்க்கலாமா? இன்னொரு கவலையும் உண்டு. மூளைக்குள் சிப் வைக்கும் காலம் வந்துவிட்டது என்கிறார்கள். என் மகனுக்கு 12 வயது. நாளைக்கு எல்லோரும் சிப் வைத்துக்கொண்டால் இவன் மட்டும் பின்தங்கிவிடுவானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அட்டையை இன்னும் பிரிக்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். பிரிக்க வேண்டாம். பட்டையும் வேண்டாம். மகனை நினைத்துப் பயப்படவும் இப்போது அவசியமில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. அடுத்த மாதம் வேறொருவர் வேறொரு பொருளோடு வந்து நிற்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மாத்திரை, பட்டை, சிப் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மூளையில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது, அதைத் தட்டி எழுப்பினால் போதும் என்ற நம்பிக்கை. பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையில்லை. மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு வைக்கும் உறுப்பில் பத்தில் ஒன்பது பங்கு சும்மா இருக்க உடல் விட்டிருக்காது. மூளையில் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்தாலும் ஏதோ ஒரு திறன் போய்விடலாம். காலியான இடம் என்று அங்கே எதுவும் இல்லை.

அங்கே இருப்பதெல்லாம் சமரசங்கள். ஒன்றில் கவனத்தைக் குவித்தால் சுற்றியுள்ளதைக் கவனிப்பது குறையும். எல்லாவற்றையும் நினைவில் வைத்தால் முக்கியமானதைப் பிரித்தெடுப்பது கஷ்டமாகிவிடும். வேகம் கூடினால் துல்லியம் அடிபடும். ஒரு பக்கத்தைத் தூக்கும்போது மறுபக்கம் எங்கோ இறங்குகிறது. அது எது என்று சில சமயம் உடனே தெரியாது.

இதை எனக்கு முதலில் புரியவைத்தது சுண்டெலி ஆராய்ச்சி ஒன்று. 1999இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோ சியென் என்பவரின் குழு, நினைவாற்றலுக்கு வேண்டிய ஒரு ஏற்பி மூலக்கூறு (நரம்பு செல் சமிக்ஞையை வாங்கிக்கொள்ள உதவுவது) முன்மூளையில் கூடுதலாக உருவாகும்படி சுண்டெலிகளின் மரபணுவை மாற்றியது. அந்த எலிகள் மற்றவற்றைவிட வேகமாகக் கற்றன, கற்றதை அதிக நாள் நினைவில் வைத்தன. 'புத்திசாலி எலி' என்று உலகம் முழுக்கச் செய்தி. 2001இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதே வகை எலிகளை வேறு கேள்வியோடு பார்த்தார்கள். அழற்சியால் வரும் நீடித்த வலி அவற்றுக்கு மற்ற எலிகளைவிட அதிகமாக இருந்தது. கற்றதை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதே ஏற்பி வலியையும் விடாமல் பிடித்துக்கொண்டது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

சரி, மொடாஃபினிலுக்கு வருவோம். இது நார்கோலெப்சி என்ற நோய்க்கான மருந்து. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கத்தில் விழுந்துவிடும் நோய் அது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் வரும் பகல் சோர்வுக்கும், இரவுப் பணி செய்பவர்களின் தூக்கக் கோளாறுக்கும் பயன்பாடு விரிந்தது. அந்த நோயாளிகளுக்கு இது உண்மையிலேயே நல்ல மருந்து. மருத்துவராக நானே எழுதித் தருகிறேன்.

நோயில்லாதவர்களுக்கு என்ன செய்கிறது? 2015இல் ஒரு மீளாய்வு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. திட்டமிடுதல், முடிவெடுத்தல் போன்ற சிக்கலான வேலைகளில் ஓரளவு பயன் தெரிந்தது. நினைவாற்றலில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உங்கள் பிரச்சினை நினைவில் நிற்காதது, இல்லையா? அங்கேதான் இந்த மருந்தின் கை ஓங்கவில்லை.

2023இல் வந்த இன்னொரு ஆய்வை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழு செய்தது. நோயில்லாத 40 பேர். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாட்களில் மொடாஃபினில், கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், அப்புறம் மருந்தே இல்லாத போலி மாத்திரை. எதைச் சாப்பிட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கொடுத்த வேலை இது: ஒரு பை இவ்வளவு எடைதான் தாங்கும்; பல பொருட்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, ஒரு மதிப்பு; எடை மீறாமல் அதிக மதிப்பு வரும்படி பையை நிரப்ப வேண்டும். மருந்து சாப்பிட்ட நாட்களில் அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், பொருட்களை அதிக முறை உள்ளே வைத்து வெளியே எடுத்தார்கள். அதாவது நிறைய உழைத்தார்கள். ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்தது. சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கூடவில்லை. போலி மாத்திரையில் சராசரிக்கு மேலே செய்தவர்கள் மருந்தில் சராசரிக்குக் கீழே போகும் போக்கும் தெரிந்தது.

உங்கள் சக ஊழியர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மூளை பறப்பதுபோலத்தான் இருந்திருக்கும். உற்சாகம் கூடும், சோர்வு தெரியாது, உட்கார்ந்த இடத்தில் மூன்று மணி நேரம் போகும். அந்த மூன்று மணி நேரத்தில் செய்த வேலை எப்படி இருந்தது என்பது தனிக் கேள்வி. மருந்தின் தாக்கத்தில் இருப்பவரால் அதை எடைபோடுவது கடினம்.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் ஓரளவு தெரிந்ததுதான். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவாக இருந்தாலும் சிந்தனை சிதறும், அதிகமானாலும் சிதறும். நடுவில் ஒரு அளவில்தான் அது நன்றாக வேலை செய்யும். கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் கொடுக்கும்போது அவர்களில் பலர் கீழேயிருந்து அந்த நடு அளவுக்கு வருகிறார்கள். ஏற்கெனவே நடுவில் இருப்பவர் அதே மருந்தால் தாண்டிப் போய்விடலாம். (மருத்துவர் சொல்லி இந்த மருந்துகளை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கணக்கு வேறு.)

அப்புறம் உங்கள் விஷயத்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டியவை. மொடாஃபினில் உடலை விட்டுப் போக நேரமாகும். பாதி வெளியேறவே சுமார் 15 மணி நேரம். இரவு பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் மதியம் ஒரு மணிக்கும் பாதி மருந்து உள்ளே இருக்கும். இருக்கிற ஐந்து மணி நேரத் தூக்கமும் போய்விடும். படித்ததை மூளை நிலைநிறுத்தும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது: ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதி பகலில் பிடித்துவைத்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டி மூளைப் புறணியோடு பிணைக்கிறது. விழித்திருந்து படிப்பதற்காகத் தூக்கத்தைக் கொடுத்தால், படித்தது தங்க வேண்டிய இடத்தையே கொடுத்துவிடுகிறீர்கள்.

இரண்டாவது, கருத்தடை மாத்திரை, ஊசி போன்ற ஹார்மோன் முறைகளைப் பயன்படுத்தும் பெண்களுக்கு மொடாஃபினில் அவற்றின் பலனைக் குறைக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை கவனம் தேவை. கர்ப்ப காலத்தில் கருவுக்குப் பாதிப்பு வரலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறோம். நண்பர் கையிலிருந்து அட்டை வாங்கும்போது இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, அரிதாகத்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தோல் கொப்பளித்து உரியும் ஒவ்வாமை வரலாம். படபடப்பு, தலைவலி, பதற்றமெல்லாம் சாதாரணமாகவே வரும்.

நெற்றிப் பட்டையைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் நேர்மின்சாரத்தை மண்டை வழியே அனுப்பும் முறை அது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2000இல் இப்படிச் செய்தால் உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் இயக்கப் புறணியின் தூண்டப்படும் தன்மை மாறுகிறது என்று காட்டியதிலிருந்து இது பரவியது. 2018இல் இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், தோலும் மண்டையோடும் சேர்ந்து மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கை மூளைக்குள் போகவிடாமல் தடுத்தது தெரிந்தது. மனச்சோர்வுக்கு மருத்துவக் கண்காணிப்பில் இதைப் பயன்படுத்துவது தனி விஷயம், அங்கே ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

ஆனால் ஒரு ஆய்வை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2013இல் ஆக்ஸ்ஃபர்டில், ஆறு நாள் ஒரு புதிய எண் குறியீட்டைக் கற்றுக்கொடுத்து, மூளையின் வெவ்வேறு இடங்களைத் தூண்டினார்கள். தலையின் பின்பக்கமாக உள்ள பரியெட்டல் பகுதியைத் தூண்டியபோது கற்கும் வேகம் கூடியது. ஆனால் கற்ற எண்களை யோசிக்காமல் தானாகவே கையாளும் திறன் குறைந்தது. முன்மூளையைத் தூண்டியபோது நேர் எதிராக நடந்தது: கற்பது மெதுவானது, தானாகக் கையாளும் திறன் கூடியது. மறுபடியும் அதே சமரசம்தான். பட்டை விற்கிற விளம்பரத்தில் முதல் பாதி மட்டும் இருக்கும். வீட்டிலேயே இதைச் செய்துகொள்கிறவர்களை எச்சரித்து 2016இல் 39 ஆராய்ச்சியாளர்கள் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். இந்தத் துறையிலேயே வேலை செய்பவர்கள் அவர்கள்.

இனி சிப். இங்கே நடந்திருப்பதை நான் கொஞ்சமும் குறைத்துப் பேச மாட்டேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர், எழுதுவதாகக் கற்பனை மட்டும் செய்து நிமிடத்துக்கு 90 எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தார், ஸ்டான்ஃபோர்டில், 2021இல். 2023இல், நரம்பு நோயால் தெளிவாகப் பேச முடியாமல் போன ஒரு பெண் பேச முயலும்போது எழும் மூளை மின்சமிக்ஞைகளை நிமிடத்துக்கு 62 சொற்களாக மாற்றினார்கள். மூளைச் சிப் தயாரிக்கும் நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல்முறையாக ஒரு மனிதருக்கு 1,024 மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியது. அவர் கை அசைக்காமல் கணினியில் சதுரங்கம் ஆடினார். சில வாரங்களில் மின்முனை இழைகளில் பல மூளைத் திசுவிலிருந்து விலகிவிட்டன. மென்பொருளைத் திருத்தி ஈடுகட்டினார்கள்.

இந்த எண்களை நாம் பேசும் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். சாதாரணமாக ஆங்கிலத்தில் பேசுபவர் நிமிடத்துக்கு சுமார் 150 சொற்கள் பேசுகிறார். இன்றைக்குப் பெரிய சாதனையாகப் பேசப்படும் இந்தக் கருவி, நலமாக இருக்கும் ஒருவரின் வாயைவிட மெதுவானது. இழந்தவருக்கு அது வரம். இழக்காதவருக்கு அதில் ஒன்றுமில்லை. தடை கருவியில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2024இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: தட்டச்சு, வாசிப்பு, விளையாட்டு என எதை எடுத்தாலும் மனிதச் சிந்தனையின் வேகம் நொடிக்கு சுமார் 10 பிட் (தகவலை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவில்தான் நிற்கிறது, புலன்கள் உள்வாங்குவதோ நொடிக்கு நூறு கோடி பிட் அளவில். அந்தக் கணக்கு சரியென்றால், நெருக்கடி நம் விரலிலோ விசைப்பலகையிலோ இல்லை, யோசிப்பதிலேயே இருக்கிறது. அதற்கு வெளியே எவ்வளவு அகலமான குழாய் வைத்தாலும் உள்ளே ஓடுவது அதே அளவுதான்.

மூளைக்குள் மின்முனை வைப்பது எனக்குப் புதிதும் அல்ல. கை நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கு, மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து ஆழ்மூளைத் தூண்டல் செய்கிறோம்; 1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் பெனாபித் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை. கருவியைச் சரிசெய்யும் அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் முழு உருவம் தெரியும். நோயாளி வலது கையை நீட்டிக்கொண்டிருப்பார், விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும். நான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். ஒரு கட்டத்தில் கை அப்படியே நின்றுவிடும். தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் சிந்தாமல் குடிப்பார். பக்கத்தில் இருக்கும் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டும்! இன்னும் ஏற்றினால் வார்த்தை குழறும், முகம் ஒரு பக்கம் இழுக்கும், உடனே இறக்குவேன். பிறகு ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடிகிறது என்று கேட்போம். அறுவை சிகிச்சைக்கு முன் சரளமாகச் சொன்னவர்களில் பலர் இப்போது கொஞ்சம் தடுமாறுவார்கள். சொற்கள் சரளமாக வருவது குறைவது இந்தச் சிகிச்சையில் நன்கு அறியப்பட்ட பின்விளைவு. சிலருக்கு அவசரபுத்தியும் வரும். ஆனாலும் கை ஆடாமல் சட்டைப் பொத்தானைப் போட முடிகிறவர் அந்தப் பேரத்தை மனமார ஏற்கிறார். ஏற்பதில் நியாயம் இருக்கிறது. ஆடாத கை உள்ள ஒருவர் எதற்காக ஏற்க வேண்டும்?

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. பார்வை இழந்தவர்களுக்கு விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ் 2 என்ற கருவி உலகம் முழுக்க 350க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டது. தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் 2019இல் அதைக் கைவிட்டது, அடுத்த ஆண்டு நிறுவனமே ஆட்டம் கண்டது. கண்ணுக்குள் கருவி அப்படியே இருக்கிறது; பழுதானால் பார்க்க ஆளில்லை. கைபேசி பழையதானால் மாற்றிக்கொள்ளலாம். தலைக்குள் இருப்பதை அப்படி மாற்ற முடியாது. மூளையிலிருந்து எடுக்கும் தரவு யாருக்குச் சொந்தம் என்பதிலும் இப்போதுதான் நாடுகள் விழித்துக்கொள்கின்றன. சிலி 2021இல் மூளைச் செயல்பாட்டையும் அதன் தகவலையும் காக்கும்படி அரசியல் சாசனத்தைத் திருத்தியது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு தலைப்பட்டை நிறுவனத்திடம் இருந்த முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்கச் சொன்னது.

ஆகவே உங்கள் மகன் சிப் இல்லாமல் பின்தங்கிவிடுவான் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். முன்மூளை இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கும்; 12 வயதில் அதற்கு வேண்டியது நிறையத் தூக்கம், ஓட்டம், பிடித்த ஒன்றில் நீண்ட நேரம் மூழ்கும் வாய்ப்பு. கற்பதே மூளையின் உருவத்தை மாற்றுகிறது. லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து உரிமம் வாங்க வேண்டும். 2011இல் வெளியான ஆய்வு, பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடக்கத்திலும் சில ஆண்டுகள் கழித்தும் ஸ்கேன் செய்தது. தேறிய 39 பேருக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது; தேறாதவர்களுக்கு வளரவில்லை. தேறியவர்கள் ஒரு சிக்கலான படத்தைப் பார்த்துப் பிறகு நினைவிலிருந்து வரைவதில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. இயற்கையான வழியிலும் சமரசம் உண்டு. ஆனால் அது மெதுவாக, நாம் தேர்ந்தெடுத்த திசையில் நடக்கிறது.

கடைசியாக, நீங்கள். ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். திரும்பத் திரும்பப் படிப்பதுதான் சிக்கல். 2006இல் ரோடிகர், கார்ப்பிகி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து சுமார் 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு முறை படித்து, பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் மூன்று முறை நினைவுபடுத்தி எழுதியவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். அதிலும் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். அதனால்தான் திரும்பப் படிப்பது நன்றாக வேலை செய்வதுபோல நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தை ஒரு முறை கவனமாகப் படியுங்கள், மூடுங்கள், வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் மறுபடி எழுதுங்கள். கஷ்டமாக இருக்கும், பலன் தருவதே அந்தக் கஷ்டம்தான்.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டிய பட்டியல்கள் இருந்தால், தெரிந்த வீடு ஒன்றின் அறைகளில் அவற்றை ஒவ்வொன்றாக வைப்பதாகக் கற்பனை செய்யும் பழைய முறையைப் பழகுங்கள். 2017இல் வந்த ஆய்வில், தினம் அரைமணி நேரம் வீதம் 40 நாள் இதைப் பழகியவர்கள் முதலில் 72 சொற்களில் 26 அளவில்தான் நினைவில் வைத்திருந்தார்கள்; பழகிய பிறகு 62 வரை வந்தார்கள். இந்த அளவுக்கு நினைவைக் கூட்டும் மாத்திரை எதுவும் எனக்குத் தெரியாது.

தூக்கம் ஐந்து மணி நேரமாக இருக்கும்வரை எந்த முறையும் பாதிதான் பலிக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003இல் செய்த ஆய்வில், 14 நாள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை தூங்காமலே இருந்தவர்களின் அளவுக்குக் குறைந்தது. அவர்களுக்கோ பெரிதாகக் களைப்பு தெரியவில்லை. பழகிவிட்டது என்றே நினைத்தார்கள். தேர்வுவரை படிப்பு நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துத் தூக்கத்துக்குக் கொடுங்கள். முடிந்தால் படிப்பைக் காலைக்கு மாற்றுங்கள்.

இதையெல்லாம் மூன்று, நான்கு வாரம் செய்தும் மறதியும் சோர்வும் குறையவில்லை என்றால் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்த்துவைத்த இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதுப் பெண்களில் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு குறைவும் மூளை மந்தமாக இருப்பதுபோலக் காட்டுவது சர்வ சாதாரணம். இரண்டுக்கும் நேரான சிகிச்சை உண்டு. பல வாரங்களாக மனம் சோர்ந்தே இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், மருத்துவரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.